வாப்பாவின் றலி விற்பனைக்கல்ல

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். ஜும்ஆவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல்துறையில் உள்ள எமது வீட்டு வாசலில் வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. அதன் கூரைமேல் பழைய துவிச்சக்கரவண்டிகள் நான்கு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன. அறுவடை முடிந்த வயலில் சூடு கட்டி வைத்ததுபோல அவை தோன்றின.

இறங்கி வந்த இளைஞர் மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டே திண்ணையில் ஏறினார். "சேர், உங்கட வீட்டில பழைய றலி ஒன்டு இருக்காம். பாக்கலாமா?" என்றார். காட்டினேன். முன்கழுத்தில் நாரைத் தலை பொறித்த தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். கம்பி பிரேக்கை அழுத்தினார். தோல் சீற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரே மூச்சில், "நாப்பதாயிரம் தாறன் சேர்" என்றார்.

எதற்காக வாங்குகிறீர்கள் என்று வினவினேன். பத்திரிகைக்காரனின் பழைய நோய் அது. அவரும் மறைக்கவில்லை. ஒரு சுற்றுலா ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக்காக வாங்குகிறாராம். பெடலையும் செயினையும் கழற்றிவிட்டுச் சுவரில் தொங்கவிடுவார்களாம். பின்னால் மஞ்சள் வெளிச்சம் விழுமாம். கரியரில் ஒரு மரப்பெட்டியை வைத்து அதில் கடதாசிப்பூ நட்டால் வெள்ளைக்காரர் படமெடுத்து மகிழ்வராம்.

"ஓட்டமாட்டீர்களா?" என்றேன். அவர் சிரித்தார். "இத இனி ஆரு சேர் ஓட்டுற?"

அன்று காலை சுபஹுத் தொழுகைக்கு நான் பள்ளிக்குப் போய்வந்ததே அந்த வண்டியில்தான். அதன் மட்கார்டில் பனியீரம் காய்ந்து சில மணி நேரமே ஆகியிருக்கும். அதைச் சொன்னபோது இளைஞர் நம்பவில்லை. என் மகனே, "குடுத்துருங்க வாப்பா, உப்புக் காத்துல துருப்பிடிச்சுத்தானே போகும்" என்று அவர் பக்கம் பேசினான். வான் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. இதனை இனி யார் ஓட்டுவது? அதற்கான எனது பதில் இது. சற்று நீளமானது, வாசகர் பொறுத்தருள்க.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் அதனைச் சுவரில் மாட்ட விரும்புவோருக்கு அது எதற்காக அவ்வாறு செய்யப்பட்டது என்பது தெரியாது.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 1887 ஆம் ஆண்டளவில் சிறு பட்டறையாகத் தொடங்கியது றலி நிறுவனம். இரண்டு சில்லுகளும் சம அளவில் அமைந்து, பின்சில்லைச் செயின் இழுக்கும் வண்டியை ஜோன் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் கொவென்றி நகரில் வெளியிட்டிருந்தார். 1888 இல் டன்லொப் காற்று அடைத்த ரயரைக் கொண்டுவந்தார். அந்த ரயருக்கான றப்பரின் கதையில் எமது நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த றப்பர் நாற்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில்தான் நடப்பட்டன. ஆகவே இந்த வண்டியை முற்றிலும் அந்நியப் பொருள் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

ரோட்ஸ்டர் எனப்படும் அந்த வகை வண்டி விரைவுக்காகச் செய்யப்பட்டதன்று. 28 அங்குலச் சில்லுகள். சட்டகத்தின் குழாய்கள் பந்தய வண்டியில் உள்ளதைவிடச் சாய்ந்து கிடக்கும். முன்சில்லைத் தாங்கும் கவை முன்னோக்கி வளைந்திருப்பதால் பள்ளத்தில் விழும் குலுக்கலில் ஒரு பங்கை அதுவே விழுங்கிக்கொள்ளும். எஞ்சியதைச் சீற்றின் அடியிலுள்ள சுருள்வில்கள் வாங்கிக்கொள்ளும். ஹாண்டில் கைக்கு வந்து சேரும். நாம் அதைத் தேடிக் குனிய வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பவனைப்போல முதுகை நிமிர்த்தி அமரலாம். குனிந்து ஓட்டுபவன் தார் வீதியைப் பார்க்கிறான். நிமிர்ந்து ஓட்டுபவன் ஊரைப் பார்க்கிறான்.

இக்குடாநாட்டுக்கென்றே எவரோ அளவெடுத்துச் செய்தார்களோ என்று நான் பலமுறை வியந்ததுண்டு. பாலாவியிலிருந்து கற்பிட்டிவரை சுமார் 40 கிலோமீற்றர். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இடையில் மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கியர் தேவையில்லை. மணலும் உப்பும் திறந்த செயினைச் சில மாதங்களில் தின்றுவிடும். றலியின் செயினோ முழுமையாக மூடிய தகரக் கூட்டுக்குள் எண்ணெயில் ஓடுகிறது. கேபிள் பிரேக்கில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். இதில் கேபிளே கிடையாது. கம்பிகள் வெளியில் நிற்கின்றன, தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். மழையில் நனைந்த ரிம்மில் அந்தப் பிரேக் பிடிப்பது இறைவன் விட்ட வழி. கடற்கரைக் குருமணலில் சில்லுப் புதையும், இறங்கி உருட்டவேண்டும். எடை ஏறத்தாழ 20 கிலோ. அதனால்தான் ஓட்டுபவன் அவசரப்படுவதில்லை, அவசரப்பட்டும் பயனில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வடக்கே கற்பிட்டிக்குப் போகும்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும். மிதிப்பதே தேவையில்லை என்பதுபோல் இருக்கும். திரும்பி வரும்போது அந்தக் கடனை வட்டியோடு அடைக்கவேண்டும். வெங்காயப் பாத்திகளில் நீர் தெளிக்கும் ஓசை கேட்கும். கருவாடு காயும் வாசம் வரும். தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்தின் மணி ஒருபுறமும், எமது பள்ளியின் பாங்கு மறுபுறமும் காற்றின் திசையைப் பொறுத்துக் காதில் விழும். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது எதிரே நடந்து வருபவரின் முகம் தெரியும். வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முந்தி ஸலாம் சொல்லவேண்டும் என்று சிறுவயதில் மத்ரஸாவில் கற்பித்தார்கள். மோட்டார் சைக்கிளில் போகும் எமது பிள்ளைகள் அந்த ஒழுக்கத்தைக் கைவிட்டதாக நான் குற்றஞ்சாட்டமாட்டேன். அந்த வேகத்தில் ஸலாம் சொன்னால் பதில் வந்து சேர்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

இதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டு: சாவகாசம். சோம்பல் வேறு, சாவகாசம் வேறு. சோம்பேறி போகுமிடத்துக்குப் போய்ச்சேரமாட்டான். சாவகாசமாகச் செல்பவன் போய்ச்சேருவான். வழியையும் தன்னோடு கொண்டுபோவான். அந்தச் சாவகாசம் எம்மிடமிருந்து பறிபோகிறது என்பதே எனது முறைப்பாடு. அதனைப் பறிப்பதில் மூவருக்குப் பங்குண்டு: அதைக் கண்டு வெட்கப்படும் நாம், அதைப் படமாக்கி விற்கும் வணிகர், அதற்கு ஓர் அடி இடமும் ஒதுக்காத வீதி அமைப்போர்.

வெட்கத்திலிருந்து தொடங்குவோம்.

வாப்பா அந்த றலியை 1964 இல் வாங்கினார். புகையிலை விற்ற பணம். அந்நாளில் அது ஊருக்குச் செய்தி. துவிச்சக்கரவண்டிக்கும் ஆண்டுதோறும் உள்ளூராட்சிச் சபையில் பணம் கட்டி அனுமதிப்பத்திரம் பெற்ற காலம் அது. 1970 களில் இறக்குமதிகள் முடக்கப்பட்டபோது ரயருக்கும் ரியூப்புக்கும் பெருந் தட்டுப்பாடு. ரயர் வெடித்தால் பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்துத் தைத்து ஓட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 'தொப்' என்று ஒரு தட்டுக் கேட்கும். அந்தத் தட்டை வைத்தே வாப்பா வருகிறார் என்று உம்மா தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து பலர் தோணிகளிலும் படகுகளிலும் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம். கரையில் இறங்கியவர்களின் கைகளில் இருந்தவற்றைவிட இல்லாதவைதான் என் நினைவில் நிற்கின்றன. எமது வீட்டு விறாந்தையில் தங்கிய குடும்பமொன்றின் தலைவர் மீன் வியாபாரி. எருக்கலம்பிட்டிக்காரர் என்றே நாங்கள் அவரை அழைத்தோம். மூன்று நாட்கள் அவர் எதுவும் பேசவில்லை. நான்காம் நாள் வாப்பாவிடம், "நானா, என்ட சைக்கிள வேப்பமரத்துல சாத்திட்டு வந்தன். பூட்டக்கூட இல்ல" என்றார். வீடு, தோட்டம், நகை எதையும் அவர் சொல்லவில்லை.

வாப்பா எழுந்து போய் றலியை உருட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். அடுத்த நாளே எருக்கலம்பிட்டிக்காரர் கண்டக்குழிக் கரையில் மீன் எடுத்து, கரியரில் பெட்டி கட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று விற்கத் தொடங்கினார். ஒரு குடும்பம் அந்த இரண்டு சில்லுகளின் மேல் எழுந்து நின்றது. யுத்தம் முடிந்து 2010 இல் அவர் மன்னாருக்குத் திரும்பும் நாளில் வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு புதிய ரயர். புதிய கறுப்பு வர்ணம். வாப்பா அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். "நானாட அமானிதம்" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். இருபது ஆண்டுகள் ஒருவர் காத்துத் திருப்பித் தந்த அமானிதத்தை நாற்பதாயிரத்துக்கு நான் எப்படி விற்பேன்? மகனே, நீ இதை வாசிப்பாயானால் உனக்கான பதில் இது.

இப்படியான வண்டியைத்தான் இன்று நாம் வெட்கத்தோடு பார்க்கிறோம். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை சைக்கிளில் வருகிறார் என்றால் பெண் வீட்டார் முகம் மாறுகிறது. இருநூறு யார் தூரத்திலுள்ள கடையில் சீனி வாங்க மோட்டார் சைக்கிள். ஐந்து நிமிட நடையிலுள்ள பள்ளிக்கு முச்சக்கரவண்டி. நீரிழிவு கிளினிக்கில் வரிசையில் நின்று, வைத்தியர் நடக்கச் சொன்னதும், நடப்பதற்காக மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடற்கரைக்குப் போகும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் என் மீது கோபப்படமாட்டார்கள். என்னிடம் தாமே சிரித்துச் சொன்ன கதைதான்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் எமது வெட்கம் இன்னும் கொடியது. எட்டாம் வகுப்புவரை பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் பிள்ளையைப் பிறகு நிறுத்திவிடுகிறோம். காரணம் கேட்டால் "ஊர் என்ன சொல்லும்" என்கிறோம். யாழ்ப்பாணத்தில் பாட்டிமாரும் ஆசிரியைகளும் எழுதுநர்களும் லுமாலா வண்டியில் வீதியை நிறைத்துச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலின்றி அந்த ஊரை நகர வைத்ததும் சைக்கிள்தான். பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கடலுக்கு அப்பால் புதுக்கோட்டையில் 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஏழை உழைப்பாளிப் பெண்கள் பல்லாயிரக் கணக்கில் ஏறினார்கள். அங்கும் ஊர் பேசியது. பேசிப் பேசி ஓய்ந்தது. பெண்களுக்கென்று குறுக்குக் கம்பி தாழ்ந்து வளைந்த ரோட்ஸ்டர் நூறாண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. வண்டி ஆயத்தம். எமது மனம்தான் இன்னும் வளையவில்லை.

2022 எமக்கு ஒரு பாடம் நடத்தியது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவானது. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்து எமது கரையின் தோணிகளை மணலில் ஏற்றி வைத்தது. எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றோரும் நின்ற இடத்திலேயே உயிர்விட்டோரும் அந்நாளையச் செய்திகள். அந்த மாதங்களில் ஊரின் கொல்லைகளிலும் கோழிக்கூடுகளின் பின்னாலும் கிடந்த சைக்கிள்கள் அனைத்தும் வெளியில் வந்தன. சைக்கிள் கடைக்காரர் நள்ளிரவுவரை ஒட்டுப் போட்டார். வங்கி முகாமையாளரும் மீன்காரரும் ஒரே வேகத்தில் சென்றார்கள். எவருக்கும் வெட்கமில்லை. வீதி அமைதியாக இருந்தது. துன்பத்தின் நடுவே அந்த அமைதியைச் சொல்வது பாவமோ என்று அப்போது எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை நீங்கியது. சைக்கிள்கள் மீண்டும் கோழிக்கூட்டின் பின்னால் போயின. இடர் வந்தபோது கைகொடுத்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1974 இல், ஆற்றலுக்கும் சமத்துவத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய தம் சிறு நூலில் ஒரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கர் தம் காருக்காக ஆண்டுக்கு 1,600 மணித்தியாலத்துக்கு மேல் செலவிடுகிறார். ஓட்டும் நேரம், நெரிசலில் நிற்கும் நேரம், காரின் விலையையும் எரிபொருளையும் காப்புறுதியையும் சம்பாதிக்க உழைக்கும் நேரம் எல்லாம் இதில் அடக்கம். இதற்குக் கிடைப்பது 7,500 மைல் பயணம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைலும் வரவில்லை. சைக்கிள்காரன் அதைவிட வேகம். இதனைப் பல்கலைக்கழக நாட்களில் வாசித்தபோது கெட்டிக்காரத்தனமான வாதம் என்று மட்டும் நினைத்தேன். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவுகள் கழித்துப் பத்துக் கிலோமீற்றர் ஓடிய மனிதரைக் கண்டபோது அந்தக் கணக்கு விளங்கியது. குத்தகைக் கம்பனிக்கு மாதாமாதம் கட்ட முடியாமல் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்த இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் ஓட்டிய வேகத்தை அந்தக் கட்டுப்பணத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் என்ன வரும்?

சிலர் சொல்லுவர்: "பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைச் சைக்கிளிலா கொண்டுபோவது?" நியாயமான கேள்வி. அம்புலன்ஸுக்கு நான் எதிரியல்லன். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு முப்பது ஆண்டுகள் பஸ்ஸில் போய்வந்தவன் நான். ஆனால் எமது அன்றாடப் பயணங்களை எண்ணிப் பாருங்கள். கடை, பள்ளி, பாடசாலை, தோட்டம், கரை. இவற்றில் எது மூன்று கிலோமீற்றரைத் தாண்டுகிறது? ஆண்டுக்கு ஒருமுறை வரும் அவசரத்தைக் காட்டி, நாளுக்கு நான்குமுறை போகும் பயணத்துக்கெல்லாம் பெற்றோல் எரிக்கவேண்டுமா?

இனி அழகு விற்பனைக்கு வருவோம். பழைய துவிச்சக்கரவண்டி மீதான மோகம் உலகெங்கும் உண்டு. லண்டனில் 2009 இல் தொடங்கிய ட்வீட் ஓட்டத்தில் ஆண்டுதோறும் பழங்கால உடையணிந்து, பழைய வண்டிகளில் நகரைச் சுற்றி வருகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவர்கள் ஓட்டுகிறார்கள். வியர்வை வடிய மிதிக்கிறார்கள். எனது ஆட்சேபமெல்லாம் செயினைக் கழற்றி ஆணியில் மாட்டுவோரிடம்தான். இதே கடற்கரையில் சைக்கிளில் மீன் விற்பவரைக் கண்டால் வாயிற்காவலாளியை விட்டு விரட்டும் இடத்தில், அவர் பாட்டனின் சைக்கிள் சுவரில் கௌரவமாகத் தொங்குகிறது. மனிதர் வேண்டாம், வண்டி மட்டும் வேண்டும். வண்டியும் ஓடவேண்டாம், நின்றால் போதும். வாரந்தோறும் நான்கு நான்காக வானில் ஏறிப் போனால், பத்தாண்டுகளில் இக்குடாநாட்டில் சுவர்களில் மட்டும் ரோட்ஸ்டர் இருக்கும்.

ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கோட்டை இன்றும் கற்பிட்டியில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைப் பெருமையோடு காட்டுகிறோம். அந்த ஒல்லாந்தரின் நாட்டில் இன்று என்ன நடக்கிறது என்பதை எவரும் சொல்வதில்லை. எமது றலியின் இரட்டைப் பிறவியான நிமிர்ந்த கறுப்பு வண்டியை அங்கே "பாட்டி சைக்கிள்" என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பேத்திகள் இன்றும் அதில்தான் பல்கலைக்கழகம் போகிறார்கள். அது தானாக நிலைத்ததன்று. 1950 களிலும் 60 களிலும் அங்கும் கார்களுக்காக வீதிகள் அகன்றன. 1971 இல் மட்டும் 3,000 க்கும் அதிகமானோர் வீதிகளில் இறந்தார்கள். அவர்களில் 400 க்கும் மேற்பட்டோர் சிறுவர். தாய்மாரும் தந்தைமாரும் வீதிக்கு இறங்கினார்கள். "சிறுவர் கொலையை நிறுத்து" என்பதே அவ்வியக்கத்தின் பெயர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நிறுத்தப்பட்டன. அந்த நெருக்கடியைப் பாடமாக எடுத்து அரசும் நகரசபைகளும் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டன. எமக்கும் 2022 இல் அதே வாய்ப்பு வந்தது. நாம் என்ன போட்டோம்?

எமது வீதியைப் பாருங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற் முழுமை பெற்றது. சுற்றுலா வளர்ந்தது. பாலாவி-கற்பிட்டி வீதி பரபரப்பானது. கனரக வாகனங்களும் வான்களும் ஒன்றையொன்று முந்துகின்றன. தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் ஆழப் பள்ளம். அதன் பிறகு மணல். சைக்கிள்காரன் தாரில் போனால் ஹோர்ன் அடித்து இறக்கிவிடுகிறார்கள். மணலில் இறங்கினால் சில்லு வழுக்கி விழுகிறான். ஆறு மாதத்துக்கு முன் ஓர் அதிகாலை டிப்பர் ஒன்றின் பக்கக் கண்ணாடி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. றலியோடு பற்றையில் விழுந்தேன். காயம் பெரிதல்ல. ஆனால் எழுந்து உட்கார்ந்தபோது எனக்குப் பின்னால் பாடசாலைப் பிள்ளைகள் மூவர் அதே ஓரத்தில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மனைவி பிரதான வீதிக்குத் தடை போட்டிருக்கிறார். உள்வீதியில் மட்டும் ஓட்டுகிறேன். எனக்கு உள்வீதி போதும். பிள்ளைகளின் பாடசாலை பிரதான வீதியில் இருக்கிறது.

அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இறப்போர் 2,000 க்கும் அதிகம். லைட் இல்லாத சைக்கிளையும் டபிள் ஏற்றிப் போகும் பையன்களையும் மறித்துத் தண்டம் எழுதுவது எளிது. லைட் இல்லாமல் ஓட்டுவது பிழைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு இரவில் பறந்துவரும் பஸ்ஸை மறிக்க அந்தக் கை ஏன் உயர்வதில்லை?

ஆகவே ஏக்கப் பெருமூச்சோடு இதனை முடிக்க எனக்கு விருப்பமில்லை. பழையது இனிது என்று புலம்பும் வயது வந்துவிட்டதை அறிவேன். அதனாலேயே எச்சரிக்கையாக இருக்கிறேன். நான் கேட்பவை மூன்றே. பாலாவி-கற்பிட்டி வீதி பீ தரத்தைச் சேர்ந்தது; அதற்குப் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபை. அடுத்த திருத்த வேலையின்போது தாரின் இருபுறமும் நான்கடி ஓரத்தைச் சமப்படுத்தி, செப்பனிட்டு, கோடு போட்டு ஒதுக்குங்கள். முதலில் பாடசாலைகள் உள்ள பகுதிகளில் மட்டும் செய்தாலும் போதும். பிரதேச சபையிடம் கேட்பது, அந்த ஓரத்தில் கடைப் பலகையும் கட்டடக் கல்லும் குவிக்கவிடாதீர்கள். ஊராரிடம் கேட்பது, பெண் பிள்ளைகளைச் சைக்கிளிலிருந்து இறக்காதீர்கள். இவற்றில் முதலாவதுக்குத்தான் பணம் தேவை. மற்ற இரண்டுக்கும் மனம் போதும்.

வானில் வந்த இளைஞருக்கும் ஒரு சொல். தம்பி, உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. நீங்களும் வயிற்றுப்பாட்டுக்காக அலைகிறீர்கள். ஹோட்டல்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்: சுவரில் மாட்டும் பணத்தில் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரைக் கொண்டு பத்து ரோட்ஸ்டர்களைத் திருத்தி, விருந்தினருக்கு வாடகைக்கு விடட்டும். வெள்ளைக்காரர் படமும் எடுப்பர், மிதித்தும் பார்ப்பர். ஒட்டுப் போடுபவருக்கும் வேலை கிடைக்கும். அப்படியொரு ஹோட்டல் இங்கே எழுமானால் முதல் நாள் நானே வந்து, கச்சான் காற்றில் எப்படித் திரும்புவது என்று சொல்லிக்கொடுப்பேன்.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது அஸருக்குப் பாங்கு சொல்கிறது. மகன் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்கவில்லைபோலும். "வாப்பா, றலிய எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்கிறான். முன் ரயரில் காற்றுக் குறைவு. பம்ப் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.